பிரஸ்னா எங்க ஊர்ல அச்சாபீஸ்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. கொஞ்சம் பேஸ்கட்பால், கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் என்னோட வண்டவாளம். பேஸ்கட்பால் தெரியாதவங்களும் பயப்படாம வாங்க, புரியற மாதிரிதான் சொல்லப் போறேன்.

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்துல "பிரஸ்"னு சொன்னா ஒரே அர்த்தம்தான். அச்சாபீஸ். காலண்டர், டைரி, பட்டாசு லேபிள், கல்யாணப் பத்திரிகைன்னு எதையாவது அடிச்சுக்கிட்டே இருக்கும் ஊர். "தம்பி என்ன பண்றாரு?" "பிரஸ்ல இருக்கான்." அத்தோட பேச்சு முடிஞ்சது.

அதனாலதான் 1995 கடைசியில ஒரு சாயங்காலம் எங்க காலேஜ் கோர்ட்ல ஒரு செகண்ட் இயர் பையன் வந்து, "அண்ணே, நாம ஃபுல் கோர்ட் பிரஸ் போட்டுப் பாப்போமாண்ணே"ன்னு கேட்டப்போ எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவன் நெஜமாவே ராத்திரி ஷிஃப்ட்டுல ஒரு அச்சாபீஸ்ல லேபிள் அடுக்கிக்கிட்டு இருந்தவன். "ராத்திரிதான் பிரஸ்ஸுன்னா சாயங்காலமுமாடா?"ன்னு கேட்டேன். சுத்தி இருந்த எல்லாரும் சிரிச்சாங்க. அவன் சிரிக்கல.

அப்ப நான்தான் கேப்டன். உயரம் ஐந்தடி பதினொரு அங்குலம். (எங்க டீமுக்கு அதுவே பனைமரம்.) மத்தவங்க எல்லாம் ஐந்தடி ஆறு, ஏழுன்னு நிப்பாங்க. அதனால எங்க ஆட்டமே என்னைச் சுத்தித்தான். பந்தை மெதுவாக் கொண்டு வந்து ரிங்குக்குக் கீழ நிக்கிற என்கிட்ட குடுக்கணும், நான் திரும்பிப் போடணும். இது அஃபென்ஸ். டிஃபென்ஸ்ல முன்னால ரெண்டு பேர், பின்னால மூணு பேர் நிக்கிற 2-3 ஸோன். பின்வரிசை நடுவுல நான். ஓட்டமே கிடையாது. பக்கத்து ஊர் டீமுங்களை இதை வச்சே அடிச்சோம். மதுரைப் பக்கத்துலருந்து ஆறடி ரெண்டு, ஆறடி மூணுன்னு ஆளுங்க வந்து இறங்கினா மட்டும் அவ்வளவுதான், என் தலைக்கு மேலயே பந்து போகும் வரும்.

பத்தாததுக்கு இன்னொரு கஷ்டம். உலகக் கூடைப்பந்து விதியில 1956லயே முப்பது செகண்டுக்குள்ள ஷூட் பண்ணணும்னு கொண்டு வந்துட்டாங்க. நாங்க ஆடின கிரவுண்டுகள்ல அந்தக் கடிகாரமே இருக்காது. டேபிள்ல இருக்கிறவர் ஸ்டாப்வாட்ச்சைப் பாத்தா உண்டு, இல்லேன்னா இல்லை. எட்டு பாயிண்டு முன்னால போன டீம் பந்தைக் கையில வச்சுக்கிட்டு அரட்டை அடிக்கலாம். உயரமும் அவன்கிட்ட, பந்தும் அவன்கிட்ட, நேரமும் அவன்கிட்ட. நாம என்ன செய்ய?

அந்தத் தம்பி சொன்னது இதுக்குத்தான். அவனுக்கு அது எங்கிருந்து தெரிஞ்சது? அவன் படிச்ச ஸ்கூல் பி.டி. சார் சொல்லிக் குடுத்தது. அவர் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.ல படிச்சவர். இங்கதான் சரித்திரம் ஆரம்பிக்குது.

1891 டிசம்பர்ல அமெரிக்காவுல ஸ்பிரிங்ஃபீல்டுங்கிற ஊர்ல ஜேம்ஸ் நைஸ்மித்னு ஒரு வாத்தியார். குளிர்காலத்துல வெளிய போய் ஆட முடியாத பசங்களுக்காக, பீச் பழக்கூடை ரெண்டை மேல அடிச்சு, 13 விதி எழுதி ஒரு விளையாட்டைக் கண்டுபிடிச்சார். அந்த இடம் ஒய்.எம்.சி.ஏ.வோட பயிற்சிப் பள்ளி. அதே ஸ்பிரிங்ஃபீல்டுல படிச்ச ஹாரி குரோ பக்னு ஒருத்தர் இந்தியாவுக்கு வந்து, 1920ல சென்னையில உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போன இந்திய அணியோட மேனேஜரா போனவரும் அவர்தான். அந்தக் கல்லூரியில படிச்சவங்க தமிழ்நாடு பூரா பள்ளிக்கூடங்களுக்கு பி.டி. வாத்தியாராப் போனாங்க. கரிசல் காட்டுப் பள்ளிக்கூட மைதானத்துலயும் ரெண்டு கம்பு நட்டு ரிங்கு மாட்டியிருக்கிறதுக்குக் காரணம் இந்த வழிதான். நைஸ்மித்துக்கும் எங்க ஊர் பையனுக்கும் நடுவுல ரெண்டு மூணு வாத்தியார்தான் தூரம்.

சரி, பிரஸ்னா என்ன? நீங்க கூடை போட்டதும் எதிரி தன்னோட எல்லைக்கோட்டுக்குப் பின்னாலருந்து பந்தை உள்ள எறியணும். சாதாரணமா எல்லாரும் திரும்பி ஓடி, தங்களோட ரிங்குக்குக் கீழ போய்க் காவல் காப்பாங்க. பிரஸ் போடறவன் திரும்பி ஓட மாட்டான். பந்து உள்ள வர்ற இடத்துலயே மறிச்சு நிப்பான்.

ஆரம்ப காலத்துல இதுக்கு வழியே கிடையாது. ஒவ்வொரு கூடைக்கு அப்புறமும் நடுக்கோர்ட்டுல பந்தை மேல எறிஞ்சு "ஜம்ப் பால்" வைப்பாங்க. நெட்டையா ஒருத்தன் இருந்தா போதும், போட்டது நீயா இருந்தாலும் அடுத்த பந்தும் உனக்குத்தான். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்துல 1937ல அந்தப் பழக்கத்தை எடுத்தாங்க. அதுக்குக் கொஞ்சம் முன்னால, 1932ல, பத்து செகண்டுக்குள்ள பந்தை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டு வரணும்னு ஒரு விதி வந்தது. இந்த ரெண்டும் சேர்ந்ததும் குட்டையானவனுக்கு முதல் தடவையா ஒரு ஆயுதம் கிடைச்சது. எதிரி பந்தை எறிஞ்சு, பிடிச்சு, பத்து செகண்டுல பாதி கோர்ட்டைத் தாண்டணும். அந்தப் பத்து செகண்டைக் கெடுத்தா போதும்.

இதை ஒரு சீசன் பூரா செஞ்சு காட்டின டீம்தான் இந்தக் கதையோட ஹீரோ. லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருக்கிற யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம், 1963-64 சீசன்.

அதோட கோச் ஜான் வுடன். பழைய ஸ்கூல் இங்கிலீஷ் வாத்தியார். ஒவ்வொரு வருஷமும் முதல் நாள் பயிற்சியில சாக்ஸ் எப்படிச் சுருக்கம் இல்லாமப் போடறதுன்னு சொல்லிக் குடுத்துட்டுத்தான் பந்தையே தொட விடுவாராம். 1948ல சேர்ந்தவர். பதினஞ்சு சீசன் ஆகியும் ஒரு தேசியக் கோப்பை கிடையாது. 1962ல அரையிறுதி வரைக்கும் போய் சின்சினாட்டிகிட்ட 72-70னு தோத்தாங்க. 1963ல அரிசோனா ஸ்டேட்கிட்ட 93-79னு அடி வாங்கித் திரும்பினாங்க.

வசதியும் பிரமாதமா ஒண்ணும் கிடையாது. பழைய ஜிம்ல மாடியில பயிற்சி. அதே ஹால்ல மல்யுத்தக்காரங்க ஒரு பக்கம், ஜிம்னாஸ்டிக்ஸ்காரங்க ஒரு பக்கம். வேர்வை நாத்தத்துக்குப் பேர் போன இடம். வுடனே துடைப்பம் எடுத்துத் தரையைத் தள்ளுவாராம். அங்க கூட்டம் சேர்த்தா ஆபத்துன்னு தீயணைப்புத் துறை கட்டுப்பாடு போட்டதால, 1950களின் நடுவுலருந்து பெரிய ஆட்டங்களை வெளி இடங்கள்ல போய் ஆட வேண்டியதாச்சு. (தீயணைப்புத் துறை கெடுபிடியெல்லாம் சிவகாசிக்காரனுக்குக் கதையா சொல்லணுமா என்ன!)

1963 தோல்விக்கு அப்புறம் அவரோட உதவி கோச் ஜெர்ரி நார்மன் ஒரு யோசனை சொன்னார். வுடன்கிட்டயே ஆடி வளர்ந்த ஆள். "வர்ற சீசன்ல ஸோன் பிரஸ் போடுவோம், எல்லா மேட்ச்லயும், மேட்ச் பூராவும்." வுடனுக்கு பிரஸ் புதுசு இல்லை. அதுக்கு முன்னால ஆளுக்கு ஆள் மறிக்கிற பிரஸ் எல்லாம் போட்டுப் பாத்தவர்தான். ஆனா ஒரு டீமோட உயிர்நாடியே அதுதான்னு வைக்கிறது வேற. 53 வயசுல, தன்கிட்ட ஆடின பையன் சொன்னதைக் கேட்டு, பதினஞ்சு வருஷமா செஞ்ச முறையை மாத்தினார் பாருங்க, அதுதான் விஷயம்.

அந்த டீம்ல ஆரம்பிக்கிற அஞ்சு பேர்ல ஒருத்தரும் ஆறடி அஞ்சு அங்குலத்தைத் தாண்டல. நமக்கு அது நெட்டைதான். அங்க அது குட்டை டீம். அஞ்சு பேரும் 2-2-1னு நிப்பாங்க. முன்வரிசையில ரெண்டு பேர்: ஃப்ரெட் ஸ்லாட்டர், கெயில் குட்ரிச். ரெண்டாவது வரிசையில வால்ட் ஹசார்ட், ஜாக் ஹிர்ஷ். கடைசியில தனியா கீத் எரிக்சன். இந்த எரிக்சன் அதே 1964ல டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல அமெரிக்க வாலிபால் டீம்ல ஆடினவர். எகிறிப் பிடிக்கிறதுக்குச் சொல்லணுமா.

வேலை இப்படி: முன்வரிசை ஆளுங்க முதல் பாஸை விட்டுடுவாங்க, ஆனா மூலைப் பக்கமா மட்டும். மூலையில வாங்கினவன் திரும்பறதுக்குள்ள முன்வரிசையில ஒருத்தன், ரெண்டாவது வரிசையில ஒருத்தன், ரெண்டு பேரும் போய் அடைச்சிருவாங்க. ஒரு பக்கம் கோடு, ரெண்டு பக்கம் ஆளு. மணி ஓடுது, பத்து செகண்டு. அவன் பதறி நீளமா ஒரு பந்தைத் தூக்கிப் போடுவான். அது காத்துல மிதந்து வர்ற இடத்துல எரிக்சன் நிப்பார்.

பந்தைப் பிடுங்கறது பிரஸ்ஸோட பாதிப் பயன்தான். பெரிய பயன் வேற. அந்தக் காலத்து அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்துல ஷூட் பண்ணக் கால வரம்பே கிடையாது. 1985-86லதான் 45 செகண்டுன்னு வந்தது. அதனால நெட்டை டீமுங்க பந்தை வச்சுக்கிட்டு நடந்தே ஜெயிக்கலாம். பிரஸ் அந்த நடையை நிறுத்திடும். பிரஸ்ஸை உடைச்சு வெளிய வந்தாலும் ஓடித்தான் வரணும், வந்த வேகத்துலயே ஷூட் பண்ணுவான். அப்ப ஆட்டம் யாரோட வேகத்துல நடக்குது? குட்டையானவனோட வேகத்துல. முப்பது நிமிஷம் தாங்குவான், நாற்பதாவது நிமிஷத்துல அவன் காலு கெஞ்சும்.

டிஃபென்ஸ் மாறினதும் அஃபென்ஸும் தானா மாறிப் போச்சு. பிடுங்கின பந்து நேரா லே-அப். அது முடியாதப்ப மட்டும் செட் ஆட்டம். அதுலயும் பந்து ஹசார்ட் கையில இருக்கும், குட்ரிச் பந்தே இல்லாம ஓடி ஓடி இடம் பிடிப்பார். பந்து கையில இருந்தாத்தான் ஆட்டம்னு நினைச்சுக்கிட்டு இருந்த பையனை அப்படி மாத்தினது வுடன்.

முதல் ஆட்டத்துல பிரிகாம் யங் அணியை 113-71. டிசம்பர்ல பெரிய உருவங்கள் இருந்த மிச்சிகனை 98-80. தோல்வியே இல்லாம இறுதிச் சுற்றுக்கு கான்சஸ் சிட்டி வந்தாங்க. அரையிறுதியில கான்சஸ் ஸ்டேட்கிட்ட கடைசிப் பகுதியில பின்தங்கி, எழுந்து 90-84னு தப்பிச்சாங்க. 1964 மார்ச் 21 இறுதி ஆட்டத்துல எதிரி ட்யூக். அவங்ககிட்ட ஆறடி பத்து அங்குலத்துல ரெண்டு பேர்.

முதல் பாதியில ட்யூக் 30-27னு முன்னால இருந்தது. அதுக்கப்புறம் ரெண்டரை நிமிஷம் போல ஒரு நேரம். யு.சி.எல்.ஏ. தொடர்ந்து 16 புள்ளி போட்டது. ட்யூக் ஒண்ணுகூடப் போடல. 43-30. அங்கயே கதை முடிஞ்சது. கடைசியில 98-83. குட்ரிச் 27. மாற்று ஆட்டக்காரரா இறங்கின கென்னி வாஷிங்டன் 26. முப்பது ஆட்டம், முப்பதும் வெற்றி. அங்க ஆரம்பிச்சு 1975 வரைக்கும் பன்னிரண்டு வருஷத்துல வுடன் பத்து கோப்பை வாங்கினார். யோசனை சொன்ன நார்மன் 1968லயே கோச் வேலையை விட்டுட்டுப் பங்குச் சந்தைப் பக்கம் போயிட்டார். நிறைய பேருக்கு அவர் பேரே தெரியாது.

இதெல்லாம் நான் தெரிஞ்சுக்கிட்டது 2010 ஜூன்ல, வுடன் 99 வயசுல செத்துப் போனப்ப. ஆபீஸ்ல உக்காந்து அவரைப் பத்திப் படிச்சுக்கிட்டே போனவன் ஒரு இடத்துல நின்னுட்டேன். பிரஸ்ஸோட முன்வரிசை. ஸ்லாட்டர், குட்ரிச். ஸ்லாட்டர் யாரு? அந்த டீமோட சென்டர். ரிங்குக்குக் கீழ நிக்க வேண்டிய ஆளு. அவரை எதுக்கு எதிரியோட எல்லைக்கோட்டுக்கிட்ட கொண்டு போய் நிறுத்தணும்? காரணம் சிம்பிள். பெரிய உடம்பு, நீளமான கை, நல்லா ஓடவும் செய்வார். பந்தை உள்ள எறியறவன் முன்னால அப்படி ஒருத்தன் நின்னா அவனுக்கு தூரத்துல இருக்கிறவன் கண்ணுலயே பட மாட்டான். மூலையில இருக்கிறவன் மட்டும்தான் தெரிவான். பொறியோட வாசல் அதுதான்.

இப்ப 1995க்கு வருவோம். வண்டவாளம்னு சொன்னேனே.

தீபாவளி முடிஞ்சாத்தான் எங்க டீம் முழுசாக் கூடும். அதுவரைக்கும் பாதிப் பேர் பட்டாசுக்கடை, பார்சல் ஆபீஸ், அச்சாபீஸ்னு இருப்பானுங்க. அந்த வருஷம் கூடி ஆடின முதல் மூணு டோர்னமெண்ட்லயும் முதல் சுத்துலயே வெளிய வந்தோம். மூணாவது தோல்விக்கு அப்புறம் எங்க பிசிகல் டைரக்டர் சார் எல்லாரையும் உக்கார வச்சு, "என்னடா பண்ணலாம்?"னு கேட்டார். நான் வாயைத் திறக்கல. அந்தத் தம்பி தரையில விரலால கோடு போட்டுக் காட்டினான். முன்னால ரெண்டு, நடுவுல ரெண்டு, கடைசியில ஒண்ணு. சார் கொஞ்ச நேரம் பாத்துட்டு "செஞ்சுதான் பாப்போமே"ன்னார்.

தம்பி என்னைப் பாத்து, "அண்ணே, நீங்க முன்னால நிக்கணும்ணே"ன்னான்.

எனக்குச் சுருக்குனு ஆயிடுச்சு. ரிங்குக்குக் கீழ ராஜா மாதிரி நின்னவனை, பந்து எறியறவன் முன்னால கையை ஆட்டிக்கிட்டுக் குதிக்கச் சொல்றான். அதுவும் செகண்ட் இயர். "முழங்கால் வலி சார்"னு சொன்னேன். வலியெல்லாம் ஒண்ணும் இல்லை. பொய்.

நான் பெஞ்சுல. ஏழு பேரை வச்சு அவனுங்க பிரஸ் போட்டு ஆடினானுங்க. பொங்கலுக்கு முன்னால தொடர்ந்து நாலு மேட்ச் ஜெயிச்சானுங்க. கூட்டம் கத்துது, நானும் எழுந்து நின்னு கை தட்டறேன். உள்ளுக்குள்ள என்ன நினைச்சேன்னு இத்தனை வருஷத்துல யார்கிட்டயும் சொன்னதில்லை. தோத்துத் தொலைங்கடான்னுதான் நினைச்சேன்.

இன்டர் காலேஜ் அரையிறுதி. எதிர்ல மதுரை டீம். முதல் பாதி முடிஞ்சப்ப எங்க பசங்க ஒன்பது பாயிண்டு முன்னால. ரெண்டாவது பாதியில அவங்க ஒரே ஒரு காரியம்தான் செஞ்சாங்க. ஆறடி மூணு அங்குலத்துல இருந்த ஒருத்தனை எல்லைக்கோட்டுல நிறுத்தி பந்தை எறிய விட்டாங்க. எங்க முன்வரிசையில ஐந்தடி ஆறு. அவன் தலைக்கு மேல பாத்து நேரா நடுக்கோர்ட்டுக்கு எறிஞ்சான். பொறியில எலியே விழல. ஓடி ஓடி எங்க பசங்க காலும் விட்டுப் போச்சு. நாலு பாயிண்டுல தோத்தோம்.

திரும்பி வந்து விருதுநகர்ல ராத்திரி பொரிச்ச பரோட்டாக் கடையில உக்காந்திருந்தோம். யாரும் பேசல. தம்பி மட்டும், "அண்ணே, கால் இப்ப பரவாயில்லையா?"ன்னு கேட்டான். நெஜமாத்தான் கேட்டான். அதுதான் கஷ்டமா இருந்தது.

அடுத்த வருஷம் அவன் காலேஜுக்கு வரல. வீட்டுல நிலைமை சரியில்லைன்னு அச்சாபீஸ்லயே முழுநேரமாச் சேர்ந்துட்டான். அவன் பிரஸ் போட்டு ஆடினது அந்த ஒரே ஒரு சீசன்தான்.

2010ல அதைப் படிச்ச அன்னிக்கு இன்னொண்ணும் கண்ணுல பட்டது. அந்த இறுதி ஆட்டத்துல ஸ்லாட்டர் எடுத்தது பூஜ்யம். கடைசி வருஷ மாணவர், சீசன் பூரா முன்வரிசையில நின்னவர். அன்னிக்கு ஆட்டம் அமையலன்னு அவருக்குப் பதிலா டக் மெக்கின்டாஷை இறக்கி ஆட வச்சாங்க. ட்யூக்கோட நெட்டைகளை எதிர்த்து 8 புள்ளி எடுத்தவர் அந்த மெக்கின்டாஷ். ஸ்லாட்டருக்கும் ஒரு பெஞ்சு இருந்திருக்கு. அவர் அங்க உக்காந்து என்ன நினைச்சாரோ எனக்குத் தெரியாது. நான் என்ன நினைச்சேன்னு எனக்குத் தெரியும்.

அன்னிக்கு ராத்திரி அவனுக்கு போன் பண்ணினேன். முழங்கால்ல ஒண்ணும் இல்லைடா, அது பொய்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால மெஷின் ஓடற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "அன்னிக்கே தெரியும்ணே. பரோட்டாக் கடை மாடிப்படியில ஓடி ஏறினீங்களே"ன்னான்.

இப்ப அவன் சொந்தமா ஒரு சின்ன பிரஸ் வச்சிருக்கான். வருஷா வருஷம் டிசம்பர்ல ஒரு காலண்டர் வந்துடும்.

பி.கு: 2000ல உலக விதியில அந்தப் பத்து செகண்டை எட்டாக் குறைச்சுட்டாங்க. முப்பது செகண்டு இருபத்திநாலு ஆச்சு. ஆக, பிரஸ் போடறவனுக்கு இன்னும் வசதி. உங்க ஊர்ல யாராச்சும் குட்டைப் பசங்க டீம் வச்சிருந்தா சொல்லி வைங்க. டீம்லயே உசரமான பையனை முன்னால நிறுத்தச் சொல்லுங்க. அவன் முழங்கால் வலின்னு சொன்னா நம்பாதீங்க.